பெர்முடா என்றொரு புல்

டார்லீனின் நாற்றுக் கடையில்
புல்லைப் பாய்போல் சுருட்டி அடுக்கியிருந்தார்கள்.
ஓர் அடுக்கு இருநூற்றுப் பத்து டாலர்,
சாக்பீஸில் எழுதி, அடித்து, மறுபடி எழுதியது.
காலையில் விரித்தால்
மாலையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம்.

அடுத்த வரிசையில்
கறுப்புத் தொட்டிக்குள் ஓக்.
ஒரு குச்சி, ஒன்பது இலை. சுகிர்தா எண்ணினாள்.
கழுத்தில் மஞ்சள் அட்டை:
முழு உயரம் எழுபது அடி.
எப்போது என்று அட்டையில் இல்லை.

"எத்தனை வருஷம் ஆகும்?"
டார்லீன் தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தாள்.
"உனக்கு எத்தனை வயது?"
முப்பத்தொன்பது என்றேன்.
"அப்படியானால் இன்றைக்கே வாங்கு."

நான் புல்லின் கட்சி.
ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டுக்கு
ஒரு சாண் மண், அதன்கீழ் சுண்ணாம்புப் பாறை.
புதன்கிழமை மட்டும் தண்ணீர் விடலாம்.
முப்பது நாளுக்குள் முன்புறம் பச்சையாக வேண்டுமென்று
குடியிருப்போர் சங்கத்தின் கடிதம்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.
மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசாவில்
முப்பதாண்டுக் கடன் வாங்கியவன்
எழுபது அடிக்கு எங்கே போவேன்?

அவள் குந்தி உட்கார்ந்து
பாய் ஓரத்தில் ஒரு தாளைக் கிள்ளினாள்,
கணுவைப் பார்த்தாள், மென்றாள்.
"அட, இது அறுகு."

அட்டையில் பெர்முடா என்றிருந்தது.
பிள்ளையாருக்குக் காசு கொடுக்காமல் கிள்ளிப் போட்டதற்கு
இங்கே தீவின் பெயரும் விலைச்சீட்டும்.
அகராதியைத் தட்டினால்
ஓக்குக்குக் கருவாலி என்று வருகிறது.
கூப்பிட்டுப் பார்த்தேன். அந்நியன் போல இருந்தது.

கல்யாணத்தன்று அவளுடைய சின்ன மாமா
அட்சதை தூவிச் சொன்னதை அவளே எடுத்துக் கொடுத்தாள்:
ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி.
பத்து வருடம் கழித்து இப்போதுதான் கவனிக்கிறேன்,
வேரை யாரும் மரத்திடம் கேட்கவில்லை.

டார்லீனுக்கு இதெல்லாம் தேவையில்லை.
"பெர்முடாவுக்கு நிழல் ஆகாது," என்றாள்.
"இது வளர்ந்தால் அது சாகும்.
இரண்டும் வேண்டுமென்றால் சண்டைதான்,
பதினைந்து வருஷம் கழித்து."

பதினைந்து வருஷம் கழித்து வரப்போகும் சண்டைக்கு
அன்று மாலையே இடம் அளந்தோம்,
சுவரிலிருந்து இருபத்தைந்து அடி,
எரிவாயுக் குழாய்க்கு இந்தப் பக்கம்.

மண்வெட்டி நாலாவது வெட்டில் பாறையில் மோதித்
தீப்பொறி விட்டது.
எதிர்வீட்டு ரமிரெஸ் பார்த்துக்கொண்டே இருந்தார்,
பிறகு கடப்பாரையோடு வந்தார்.
ஒன்றும் பேசவில்லை. இருட்டும்வரை இடித்தோம்.
கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்கப் போனால்
இன்னும் ஆழம் வேண்டும் என்கிறார்,
மூன்று வாரமாக அது எங்கள் கராஜில் இருக்கிறது.

புல் பிடித்துவிட்டது.
விரித்த பாய்களின் விளிம்பு இப்போது தெரிவதில்லை.
சங்கத்திலிருந்து அடுத்த கடிதம் வரவில்லை.
ஓக்கில் எட்டு இலை.
மாலை ஐந்து மணிக்கு அதன் நிழல்
மடக்கிய குடை அளவு நீண்டு
நடைபாதைக்கு வருமுன் முடிந்துவிடுகிறது.

கன்றைச் சுற்றி அடுக்கிய செங்கல் வட்டத்துக்குள்
அறுகு நுழைந்திருக்கிறது, கணுவுக்குக் கணு
வேர் இறக்கிக்கொண்டு.
சனிதோறும் பிடுங்குகிறேன்,
செவ்வாய்க்குள் திரும்பிவிடுகிறது.
ஒன்றை மட்டும் விட்டுவை என்கிறாள் சுகிர்தா.
எந்த ஒன்றை என்று கேட்டேன்.
அவளும் கொஞ்ச நேரம் குனிந்து தேடினாள்.